பள்ளி முதல்வரின் சனிக்கிழமைக் கடிதத்தில் என் மகளின் பெயர்

மேற்கு மாவட்டம் ஒன்றிலிருந்து ஒரு தாய் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

அவருடைய மகளுக்கு வயது 15. தனியார் மெட்ரிக் மேல்நிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளியின் முதல்வர் ஒவ்வொரு சனிக்கிழமை மாலையும் பெற்றோருக்கு வாரக் கடிதம் அனுப்புகிறார். பத்தாம் வகுப்பின் எல்லாப் பிரிவுகளுக்கும் பொதுவான வாட்ஸ்ஆப் குழுவில் அது பிடிஎஃப் கோப்பாக வருகிறது. முதல் பக்கத்தில் ஒரு திருக்குறள், அடுத்த வாரத் தேர்வு அட்டவணை, விடுமுறை அறிவிப்பு, பள்ளிப் பஸ் நேர மாற்றம். இரண்டாம் பக்கத்தில் வாரத் தேர்வு மதிப்பெண்கள், பெயரோடு. முதல் பத்துப் பேர் பச்சைக் கட்டத்திலும், ‘மெல்லக் கற்போர்’ என்ற தலைப்பில் கடைசிப் பதினைந்து பேர் சிவப்புக் கட்டத்திலும் இருக்கிறார்கள். மூன்றாம் பக்கத்தில் கட்டணம் பாக்கி வைத்திருப்போர் பெயர், பிரிவு, தொகை.

தீபாவளிக்குப் பிறகு கணவரின் விசைத்தறி சரியாக ஓடவில்லை. இரண்டாம் பருவக் கட்டணம் நிலுவையில் நிற்கிறது. ஆகவே மகளின் பெயர் இரண்டு பட்டியலிலும் வருகிறது. மளிகைக் கடையில் வேறொரு மாணவியின் தாய், பணம் கட்டியாகிவிட்டதா என்று நாலு பேர் முன்னிலையில் கேட்டிருக்கிறார். மகள் சனிக்கிழமை மாலையானால் அம்மாவின் செல்போனை எடுத்துத் தலையணைக்கு அடியில் வைத்துவிடுகிறாள். போன வாரம் அறிவியல் தேர்வன்று வயிற்று வலி என்று படுத்துக்கொண்டாள்.

அவருடைய கேள்விகள் இவை. முதல்வர் மீது மானநஷ்ட வழக்குப் போடலாமா? கல்வி உரிமைச் சட்டத்தில் இதற்கு இடம் உண்டா? போக்சோவில் புகார் கொடுத்தால் உடனே நடவடிக்கை வரும் என்று உறவினர் ஒருவர் சொல்வது சரியா? சேர்க்கையின்போது எல்லாத் தாளிலும் கையெழுத்துப் போட்டுவிட்டதால் கேட்கும் உரிமையே போய்விட்டதா? கேட்டால் ஹால் டிக்கெட்டை நிறுத்திவிடுவார்களா, அறிவியல் செய்முறை மதிப்பெண்ணைக் குறைத்துவிடுவார்களா? பேசாமல் இப்போதே வேறு பள்ளியில் சேர்த்துவிடலாமா?

அன்புச் சகோதரி,

நீங்கள் அனுப்பியிருந்த வாரக் கடிதத்தின் படங்களை நிதானமாகப் பார்த்தேன். முதல் பக்கம் நன்றாகவே இருக்கிறது. அடுத்த வாரம் என்ன தேர்வு, எந்தப் பாடம் வரை, எந்த நாளில் சிறப்பு வகுப்பு, பஸ் எத்தனை மணிக்கு என்று இவ்வளவு தெளிவாகப் பெற்றோருக்குச் சொல்லும் பள்ளிகள் குறைவு. குறிப்பேட்டில் பிள்ளை எழுதி வந்தால்தான் உண்டு, இல்லாவிட்டால் இல்லை என்ற நிலையில்தான் பல வீடுகள் இருக்கின்றன. ஆகவே வாரக் கடிதம் நிற்க வேண்டும் என்று கேட்டுவிடாதீர்கள். அப்படிக் கேட்டால் மற்ற பெற்றோர் உங்கள் பக்கம் வரமாட்டார்கள், முதல்வருக்கும் தப்பிக்க வழி கிடைத்துவிடும். உங்கள் ஆட்சேபம் இரண்டு அட்டவணைகளின் மீது மட்டும்தான். கடைசி வரை அதை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் பக்கத்தில் இன்னொன்றையும் கவனித்தேன். நீங்கள் அதைக் கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன். அனுப்பிய படங்களில் முதலாவதில் உங்கள் மகள் கணக்கில் 38. கடைசியில் 52. தேர்ச்சிக்கு வேண்டியது 35. அதாவது அவள் தோற்கவே இல்லை, ஏறிக்கொண்டு இருக்கிறாள். ஆனாலும் சிவப்புக் கட்டத்தில்தான் இருக்கிறாள். காரணம் எளியது. அந்தப் பட்டியல் தோற்றவர்களின் பட்டியல் அல்ல, கடைசிப் பதினைந்து பேரின் பட்டியல். வகுப்பே 80க்கு மேல் எடுத்தாலும் கடைசிப் பதினைந்து பேர் இருந்தே தீருவார்கள். ‘ஒழுங்காகப் படித்திருந்தால் இந்தக் கேவலம் வந்திருக்காது என்று நானும் திட்டிவிட்டேன்’ என்று எழுதியிருக்கிறீர்கள். முதலில் அந்த இரண்டு படங்களையும் அவளோடு உட்கார்ந்து பாருங்கள். 38, 52 என்ற இரண்டு எண்களையும் காட்டுங்கள். வழக்கு, மனு எல்லாம் அதற்குப் பிறகு.

முதல்வரையும் வில்லனாக்க வேண்டாம். மே மாதம் தேர்வு முடிவு வந்ததும் பள்ளி வாசலில் ‘நூறு சதவீதத் தேர்ச்சி’ என்று ஃபிளெக்ஸ் வைக்க வேண்டும் என்ற நெருக்கடி அவர் தலையில் இருக்கிறது. பெயரைப் போட்டால் பெற்றோருக்கு ரோஷம் வரும், ரோஷம் வந்தால் பிள்ளை படிக்கும் என்று உண்மையாகவே நம்பும் ஆசிரியர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஆனால் தமிழக அரசே 2017 முதல் பொதுத்தேர்வு முடிவுகளில் மாநில, மாவட்ட முதலிடங்களை அறிவிப்பதை நிறுத்திவிட்டது. பிள்ளைகளுக்கு இடையே வீண் போட்டியும் மன அழுத்தமும் வேண்டாம் என்பதே காரணம். அரசு கைவிட்டதை ஒரு பள்ளி வாராவாரம் சின்ன அளவில் நடத்துகிறது, அவ்வளவுதான்.

எந்தச் சட்டம் பொருந்தும், எது பொருந்தாது

போக்சோவை முதலில் ஒதுக்கிவிடுவோம். 2012ஆம் ஆண்டின் அந்தச் சட்டம் குழந்தைகளுக்கு எதிரான பாலியல் குற்றங்களுக்கானது. மதிப்பெண் பட்டியலுக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அவமானப்படுத்தவோ மிரட்டவோ வேண்டும் என்ற கெட்ட எண்ணத்தோடு பொய்ப் புகார் கொடுப்பவருக்கு அதன் 22ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை உண்டு. உங்கள் உறவினர் நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனால் இந்த யோசனையை வேறு யாரிடமும் பேச்சுக்குக்கூடச் சொல்ல வேண்டாம். உண்மையான போக்சோ புகாரோடு வரும் பிள்ளைகளுக்கு நாம் செய்யும் துரோகம் அது.

கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மனரீதியான துன்புறுத்தலையும் தடை செய்கிறது. நீங்கள் கேள்விப்பட்டது சரிதான். ஆனால் அந்தச் சட்டம் 6 முதல் 14 வயது வரை, எட்டாம் வகுப்பு முடியும் வரைதான். உங்கள் மகள் அந்த எல்லையைத் தாண்டிவிட்டாள்.

மானநஷ்டம் குறித்து நீங்கள் நினைப்பதுபோல் விஷயம் அவ்வளவு நேரடியானது அல்ல. இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவு அவதூறைக் குற்றமாக வைத்திருக்கிறது. ஆனால் மதிப்பெண்ணும் நிலுவைத் தொகையும் உண்மை என்று பள்ளி சொல்லும். உண்மையைப் பொது நன்மைக்காகச் சொல்வது அந்தப் பிரிவிலேயே விதிவிலக்கு. இதில் என்ன பொது நன்மை என்று நாம் வாதாடலாம், வாதத்துக்கு இடமும் இருக்கிறது. ஆனால் தீர்ப்பு வரும்போது உங்கள் மகள் கல்லூரியை முடித்திருப்பாள். நோட்டீஸ் அனுப்பினால் எங்களைப் போன்ற வழக்கறிஞர்களுக்கு வருமானம். அடுத்த சனிக்கிழமைக் கடிதம் அதனால் நின்றுவிடாது.

உங்களுக்குக் கைகொடுக்கக்கூடியவை மூன்று. முதலாவது, பள்ளிகளில் தண்டனையை ஒழிப்பதற்காகத் தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் வகுத்த வழிகாட்டி நெறிமுறைகள். பிள்ளை நன்றாகப் படிக்க வேண்டும் என்பதற்காக அவமானப்படுத்துவதையும் அவை மனரீதியான துன்புறுத்தல் என்றே சொல்கின்றன. ‘ஊக்கப்படுத்தத்தான் போட்டோம்’ என்று பள்ளி சொன்னால், அந்தப் பதில் அங்கேயே அடிபட்டுப் போகிறது. இந்த நெறிமுறைகளைப் பள்ளிகள் தோறும் கொண்டு சேர்க்கும்படி சென்னை உயர் நீதிமன்றம் 2024இல் அரசுக்கு உத்தரவிட்டிருக்கிறது. மனுவில் முதலில் குறிப்பிட வேண்டியது இதைத்தான்.

இரண்டாவது, 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம். அதில் 18 வயதுக்குக் கீழ்ப்பட்ட எவரும் குழந்தைதான். குழந்தையைத் தன் பொறுப்பில் வைத்திருப்பவர் தேவையற்ற மன வேதனைக்கோ உடல் வேதனைக்கோ அதை ஆளாக்கினால், 75ஆம் பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். ஒரு பட்டியலை வெளியிட்டதற்காக மட்டும் இந்தப் பிரிவு பாயும் என்று நான் சொல்லமாட்டேன். எழுத்தில் கேட்டுக்கொண்ட பிறகும், பிள்ளை பாதிக்கப்படுவது தெரிந்த பிறகும் பள்ளி பிடிவாதமாகத் தொடர்ந்தால் கதை வேறு. அதுவரை அது பைக்குள்ளேயே இருக்கட்டும்.

மூன்றாவது, 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். குழந்தையின் விவரங்களைக் கையாள்வதற்குப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்றும், குழந்தையின் நலனுக்குக் கேடு விளைவிக்கக்கூடிய விதத்தில் கையாளக் கூடாது என்றும் அதன் 9ஆம் பிரிவு சொல்கிறது. இதை வைத்து நாளைக்கே பள்ளிக்கு அபராதம் போட்டுவிடலாம் என்று நினைக்க வேண்டாம். விதிகள் 2025 நவம்பரில்தான் அறிவிக்கப்பட்டன. முக்கியமான கடமைகள் நடைமுறைக்கு வருவதற்கு 18 மாத அவகாசம் தரப்பட்டிருக்கிறது. ஆனால் தாளாளருக்கு இதை நினைவூட்டலாம். பள்ளி நிர்வாகங்கள் அபராதம் என்ற சொல்லைக் கூர்ந்து படிக்கும்.

கையெழுத்துப் போட்டுவிட்டோமே என்ற பயம்

சேர்க்கைப் படிவத்தில் ‘பள்ளியின் விதிகளுக்குக் கட்டுப்படுகிறோம்’ என்று போட்ட கையெழுத்து, பிள்ளையின் மதிப்பெண்ணையும் அப்பாவின் கடனையும் நூற்றுக்கு மேற்பட்ட வீடுகளுக்கு அனுப்பக் கொடுத்த அனுமதி ஆகாது. நீங்கள் அனுப்பிய படிவத்தை வரி வரியாகப் படித்தேன். விழாப் புகைப்படங்களை வெளியிடுவது பற்றி ஒரு வரி இருக்கிறது. மதிப்பெண் பற்றியோ கட்டணம் பற்றியோ ஒன்றும் இல்லை. அப்படி ஒரு வரி இருந்திருந்தாலும், இனிமேல் எனக்குச் சம்மதம் இல்லை என்று எழுதிக் கொடுப்பதை யாரும் தடுக்க முடியாது.

திங்கட்கிழமை செய்ய வேண்டியது

முதலில் மகளிடம் கேளுங்கள். பள்ளிக்குப் போய்ப் பேசுவதில் அவளுக்குச் சம்மதமா, யாரிடம் பேசலாம், எந்த ஆசிரியர் மீது அவளுக்கு நம்பிக்கை என்று கேளுங்கள். பதினைந்து வயதுப் பிள்ளைக்குத் தெரியாமல் நாம் எடுக்கும் நடவடிக்கை அவளுக்கு இன்னொரு அவமானமாகவே படும்.

குழுவிலிருந்து வெளியேற வேண்டாம். வந்த கோப்புகளை அழிக்கவும் வேண்டாம். பின்னால் தேவைப்பட்டால், செல்போனில் இருக்கும் மூலப் பதிவுதான் சாட்சியம். நீதிமன்றத்தில் அதற்குத் தனிச் சான்றிதழும் கேட்பார்கள். ஒரு எச்சரிக்கை: மனுவோடு பட்டியலின் நகலை இணைக்கும்போது உங்கள் மகளின் வரியைத் தவிர மற்ற எல்லா வரிகளையும் கறுப்பு மையால் அடித்துவிடுங்கள். மற்ற பதினான்கு பிள்ளைகளின் பெயரை நாமும் ஊர் சுற்றவிடக் கூடாது அல்லவா? அதே காரணத்துக்காக முகநூலிலும் போட வேண்டாம்.

பிறகு வகுப்பாசிரியரிடம் சொல்லிவிட்டு முதல்வரை நேரில் பாருங்கள். கணவரும் வரட்டும். கையில் ஒரு பக்கக் கடிதம் இருக்கட்டும். எப்படி எழுதுவது என்று கேட்டிருந்தீர்கள். இவ்வளவு போதும்:

‘மதிப்பிற்குரிய முதல்வர் அவர்களுக்கு வணக்கம். தங்கள் வாரக் கடிதம் எங்களுக்கு மிகவும் பயன்படுகிறது. அதில் என் மகளின் தேர்வு மதிப்பெண்ணும் கட்டண விவரமும் பெயரோடு வெளியாவதால் அவள் மனம் பாதிக்கப்பட்டு, தேர்வு எழுதவே தயங்குகிறாள். இனி இந்த இரண்டு விவரங்களையும் எனக்கு மட்டும் தனியாகத் தெரிவிக்குமாறும், பொதுக் குழுவில் அவள் பெயரைச் சேர்க்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். அவள் படிப்பில் முன்னேற என்ன செய்ய வேண்டும் என்பதை ஆசிரியர்களோடு கலந்து பேச எப்போது அழைத்தாலும் வருகிறோம்.’

சட்டப் பிரிவு எதையும் இதில் எழுத வேண்டாம். நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். முத்திரை தர மறுத்தால் அன்றே ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, சேர்ந்ததற்கான சான்றையும் வாங்கிக்கொள்ளுங்கள். பழைய கோப்புகள் எல்லார் செல்போனிலும் இறங்கிவிட்டன, அவற்றைத் திரும்பப் பெற வழியில்லை. ஆகவே இனி வரப்போவதைப் பற்றி மட்டும் பேசுங்கள்.

பேச்சில் ஒரு மாற்று வழியையும் முன்வையுங்கள். மதிப்பெண்ணைத் தேர்வு எண்ணோடு அந்தந்தப் பெற்றோரின் செல்போனுக்குத் தனியாக அனுப்பலாம். பின்தங்கிய பிள்ளைகளின் பெற்றோரைத் தொலைபேசியில் அழைக்கலாம். முதல்வர் எதையும் விட்டுக்கொடுத்ததாக ஆகாது. பச்சைக் கட்டத்தில் இருக்கும் பிள்ளைகளின் பெற்றோரிலும் இரண்டு பேரிடம் பேசிப் பாருங்கள். ஒரு வாரம் பச்சையிலிருந்து இறங்கிவிட்டால் என்ன ஆகுமோ என்று தூங்காத பிள்ளைகள் அங்கேயும் இருப்பார்கள்.

பதில் வராவிட்டால்

இரண்டு வாரம் பொறுங்கள். அதற்குப் பிறகும் பெயர் வந்தால் தாளாளருக்கு எழுதுங்கள். நான் மேலே சொன்ன நெறிமுறைகளையும் சட்டங்களையும் இந்தக் கடிதத்தில் சேர்க்கலாம். அதற்கும் பலன் இல்லையென்றால், தனியார் பள்ளிகளுக்கான மாவட்டக் கல்வி அலுவலரிடம் மனு. நகலை முதன்மைக் கல்வி அலுவலருக்கு அனுப்புங்கள். திங்கட்கிழமைகளில் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் நாளிலும் மனு கொடுக்கலாம். பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417. மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் அதற்கு அடுத்த படி. பெரும்பாலும் தாளாளரைத் தாண்டிப் போக வேண்டிய தேவை வராது.

மகள் சாப்பாடு, தூக்கம் குறைந்து ஒதுங்கியே இருந்தாலோ, வாழவே பிடிக்கவில்லை என்பதுபோல் பேசினாலோ இந்தப் படிகளுக்கெல்லாம் காத்திருக்கக் கூடாது. மனநல ஆலோசனைக்கு 14416, குழந்தைகள் உதவிக்கு 1098. இரண்டும் கட்டணமில்லாத எண்கள். மருத்துவரையும் பாருங்கள்.

ஹால் டிக்கெட்டும் பள்ளி மாற்றமும்

ஹால் டிக்கெட்டைத் தருவது அரசுத் தேர்வுகள் இயக்ககம். பள்ளி அதை இணையதளத்திலிருந்து எடுத்து, கையெழுத்திட்டுக் கொடுக்கிறது. கேள்வி கேட்டார்கள் என்பதற்காக அதை நிறுத்திவைக்கும் அதிகாரம் முதல்வருக்கு இல்லை. அறிவியல் செய்முறையின் 25 மதிப்பெண் பற்றிய உங்கள் பயம் வேறு. அது பள்ளியிலேயே நடப்பதால் அந்தப் பயத்தை வெறும் கற்பனை என்று தள்ள மாட்டேன். ஆனால் எழுத்தில் ஒன்றுமே கொடுக்காத பெற்றோரின் பிள்ளை மீது கைவைப்பதுதான் எளிது. செய்முறைத் தேர்வுக்கு முன்பே கொடுத்த உங்கள் கடிதம் கோப்பில் இருந்தால், பின்னால் கேள்வி வரும் என்று அவர்களுக்கே தெரியும். கடிதத்தில் மரியாதை குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது பள்ளி மாற்ற வேண்டாம். பொதுத்தேர்வு எழுதுவோரின் பெயர்ப் பட்டியல் அந்தப் பள்ளியின் பெயரில்தான் இயக்ககத்துக்குப் போகிறது. நடுவில் மாற்றினால் அலைச்சலும் படிப்பு நஷ்டமும்தான் மிஞ்சும். பதினொன்றாம் வகுப்புக்கு எங்கே சேர்ப்பது என்பதை மே மாதத்தில் அவளே சொல்லட்டும்.

கட்டண பாக்கி

இதை மதிப்பெண் விஷயத்தோடு கலக்காதீர்கள். கட்டணம் கேட்கப் பள்ளிக்கு உரிமை உண்டு. கடன் உங்களுடையது, மகளுடையது அல்ல. பாக்கியை வசூலிக்கச் சட்டப்படி வேறு வழிகள் இருக்கும்போது, மாற்றுச் சான்றிதழைப் பாக்கி வசூலிக்கும் கருவியாகப் பள்ளிகள் பயன்படுத்தக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூலையில் தெளிவாகச் சொல்லிவிட்டது. சான்றிதழுக்கே அப்படியென்றால், பிள்ளையின் பெயரை ஊருக்குக் காட்டி வசூலிப்பதை நியாயப்படுத்துவது கடினம்.

பள்ளி கேட்கும் தொகை சரியா என்பதையும் ஒருமுறை பாருங்கள். தனியார் பள்ளிகளுக்கு 2009ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த கட்டண நிர்ணயக் குழு வகுப்புவாரியாகத் தொகை முடிவு செய்கிறது. உங்கள் பள்ளிக்கு நிர்ணயித்த தொகை எவ்வளவு என்று அலுவலகத்தில் கேளுங்கள். பாக்கி என்று பட்டியலில் காட்டியதில் சிறப்பு வகுப்பு, புத்தகம், பஸ் என்று என்னென்ன சேர்ந்திருக்கிறது என்பதைப் பிரித்து எழுதி வாங்குங்கள்.

பிறகு கணவர் பெயரில் தனியாக ஒரு கடிதம் கொடுங்கள். தறி ஓடாத நிலையைச் சொல்லி, மாதம் எவ்வளவு கட்ட முடியும், எந்தத் தேதிக்குள் முடிப்பீர்கள் என்று உங்களால் நிஜமாகவே முடிகிற கணக்கை எழுதுங்கள். முதல் தவணையை, சிறு தொகையானாலும், அந்தக் கடிதத்தோடு சேர்த்தே கட்டிவிட்டு ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். ரசீதில் எந்தப் பருவத்துக்கு, எந்தத் தலைப்பில் என்பதையும் எழுதச் சொல்லுங்கள்.